தொண்டு நிறுவனம் காலநிலைத் திட்டத்தோடு வருகிறது, எங்கள் குளத்துக்கு என்ன கேட்கலாம்?

முறிப்புக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். முல்லைத்தீவு மாவட்டம் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு சின்னக் குளத்தின் கமக்கார அமைப்புக்கு, அதாவது அங்கே வயல் செய்கிற விவசாயிகளின் சங்கத்துக்கு, இந்த வருடம் என்னைச் செயலாளராகப் போட்டிருக்கிறார்கள். குளத்தின் கீழ் 90 ஏக்கர் வயல், அறுபது குடும்பத்துக்குக் கொஞ்சம் மேலே. போன மாதம் ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து மூன்று பேர் வந்து பொதுநோக்கு மண்டபத்தில் எங்களோடு கதைத்தார்கள். காலநிலை மாற்றத்துக்கு இசைவாக்கம், அதாவது அதற்கு ஏற்றபடி எங்களை மாற்றிக்கொள்வது, என்று ஒரு திட்டம், வெளிநாட்டுக் காசு, இரண்டு வருடம். உங்களுக்கு என்ன தேவை என்று ஒரு மாதத்துக்குள் எழுதித் தாருங்கள் என்றார்கள். ஆனால் கதை போன போக்கைப் பார்த்தால் சொட்டுநீர்த் தொகுதி, பயிற்சி, மரக்கன்று என்று ஏற்கெனவே ஒரு பட்டியலோடுதான் வந்திருக்கிறார்கள் போலத் தெரிந்தது.

எங்களுக்கு என்ன தேவை என்று ஊரில் யாரைக் கேட்டாலும் துருசைத்தான், வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற குளத்து மடையைத்தான், சொல்வார்கள். கதவின் திருகு துருப்பிடித்துப் பத்து வருடமாக முழுதாக இறங்குவதில்லை. மாரி மழையில் செய்கிற காலபோகம் முடிந்து தண்ணீரை மறிக்கும்போது ஊரில் ஒரு ஐயா மூழ்கி, களிமண்ணும் வைக்கோலும் நிரப்பிய உரப்பையைக் கதவுக்கு அடியில் திணிப்பார். ஓட்டை எங்கே என்று கண்ணால் பார்க்க முடியாது. காலை நகர்த்தி நகர்த்தி, எந்த இடத்தில் தண்ணீர் காலைப் பிடித்து இழுக்கிறதோ அந்த இடத்தில் பையை வைப்பார். அவருக்கு இப்போது 67 வயது. அந்த ஓட்டையால் போகிற தண்ணீர்தான் எங்கள் சிறுபோகம், எங்கள் கோடைப் பயிர்.

2016 மாரி பொய்த்து, 2017-ல் குளத்துக்குள் மாடு மேய்ந்தது. அந்த வருடம் நாட்டின் நெல் விளைச்சல் முந்தைய வருடத்தைவிட ஏறத்தாழ 40 வீதம் குறையும் என்று ஐ.நா.வின் உணவு விவசாய அமைப்பு கணக்கிட்டது. அப்படி வறண்டு கிடந்த குளம் 2018 மார்கழியில், கிளிநொச்சியின் இரணைமடுப் பெருங்குளம் நிரம்பி வான்கதவுகளைத் திறந்த அந்த வெள்ளத்தில், ஒரே இரவில் நிரம்பிக் கட்டு கரையத் தொடங்கிவிட்டது, பெண்கள் பிள்ளைகள் எல்லோரும் விடியும்வரை மண்மூட்டை சுமந்தோம். முன்பெல்லாம் பத்து வருடத்துக்கு ஒருமுறை வந்த இரண்டும் இப்போது அடுத்தடுத்து வருகின்றன.

சுனாமிக்குப் பிறகு நிறுவனக்காரர் வந்தார்கள், யுத்தம் முடிந்து மீள்குடியேறிய காலத்தில் வந்தார்கள், ஊரில் இன்னும் நாலு பெயர்ப்பலகை நிற்கிறது, பலகையில் எழுதியிருக்கிற வேலை எங்கே என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். வருவதை ஏன் விட வேண்டும் என்கிறார்கள் இளம் ஆக்கள். எனக்கு இரண்டுமே நியாயமாகப் படுகிறது. இந்த விடயத்தில் ஒரு நிறுவனத்தால் உண்மையில் என்ன செய்ய முடியும், என்ன முடியாது, நாங்கள் எதைக் கேட்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். வரும் ஞாயிறு பொதுக்கூட்டம்.


பழைய களம் எழுதியது:

செயலாளர் அண்ணை, நான் 2010 முதல் 2019 வரை வன்னியில் இரண்டு நிறுவனங்களில் கள உத்தியோகத்தராக இருந்தவன். உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பட்டியல். அந்த மூன்று பேர் உங்களை ஏமாற்ற வந்தவர்கள் என்று நினைக்காதீர்கள். திட்ட முன்மொழிவு உங்கள் மண்டபத்துக்கு வருவதற்கு ஒரு வருடத்துக்கு முன்பே எங்கோ ஒரு நகரத்தில் எழுதப்பட்டுவிடும். காசு கொடுக்கிற நாடு, அதன் நிதியம், சர்வதேச நிறுவனம், கொழும்பு அலுவலகம், உள்ளூர்ப் பங்காளர் என்று இறங்கி வரும்போது ஒவ்வொரு படியிலும் நிர்வாகச் செலவென்று ஒரு பங்கு கழியும். 2003-லிருந்து 2016 வரை காலநிலை நிதியங்கள் ஒதுக்கிய பணத்தில் உள்ளூர் மட்ட வேலைக்கென்று ஒதுக்கியது 10 வீதத்துக்கும் குறைவு என்று லண்டனில் உள்ள சர்வதேச சுற்றாடல் அபிவிருத்தி நிறுவகம் கணக்குப் பார்த்திருக்கிறது. சொட்டுநீர்த் தொகுதி ஏன் எப்போதும் பட்டியலில் இருக்கிறது என்றால் அதை எண்ணலாம், படம் எடுக்கலாம், 40 பயனாளிகள் என்று அறிக்கையில் போடலாம். துருசுக் கதவு ஒன்றுதான். ஒன்று என்று அறிக்கையில் எழுத அவர்களுக்குக் கூச்சம்.

என்னை இன்னும் உறுத்துகிற ஒன்றைச் சொல்ல வேண்டும். 2013-ல் ஒரு கிராமத்துக்கு நாங்கள் 40 சொட்டுநீர்த் தொகுதி கொடுத்தோம். கையொப்பம் வாங்கினோம், பயிற்சி கொடுத்தோம், எல்லாம் ஒழுங்கு. அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூட. ஒரு போகத்துக்குள் துளைகள் வெள்ளை படிந்து அடைத்துவிட்டன. வடிகட்டி மாற்ற முல்லைத்தீவில் கடை இல்லை, வவுனியாவுக்கு வர வேண்டும், அந்த அளவு அங்கேயும் இல்லை. இரண்டு வருடம் கழித்துப் போனபோது அந்தக் கறுப்புக் குழாய்களை வேலிக்குக் கட்டியிருந்தார்கள். ஒரு அம்மா என்னைக் கண்டதும் வெட்கப்பட்டுக்கொண்டு, தம்பி நாங்கள்தான் வடிவாகப் பாவிக்கவில்லை என்றார். பிழை அவருடையதா? தண்ணீரைச் சோதித்துப் பார்க்காமல் கொடுத்தது நாங்கள். அந்தச் சோதனைக்கு வரவுசெலவில் ஒரு வரி இருக்கவில்லை, அதைக் கேட்க எனக்கு அன்றைக்கு வாயும் வரவில்லை.

அடுத்தது கால அட்டவணை. இரண்டு வருடம் என்பார்கள். அனுமதி, ஆள் எடுப்பு, பயனாளி தெரிவு என்று முதல் ஆறு மாதம் போகும். கடைசி நாலு மாதம் கணக்கு முடிப்பு, மதிப்பீடு. நடுவில் ஒரு வருடம் சொச்சம்தான் வேலை. குளக்கட்டில் மண்வேலை செய்யக்கூடியது ஆனியிலிருந்து புரட்டாதி தொடங்கும் வரைக்கும், அதுவும் குளம் வற்றியிருந்தால். அந்த மூன்று மாதத்தைத் தவறவிட்டால் ஐப்பசி மழைக்குள் மண் வெட்டும் பெக்கோ இயந்திரத்தை இறக்கிக் கட்டைக் கெடுத்துவிட்டுப் போவார்கள். உங்கள் கடிதத்தில் முதலாவதாக மாதங்களை எழுதுங்கள். எந்த மாதத்தில் எது முடியும், எந்த மாதத்தில் முடியாது என்று.

பெரும்பாலான திட்டங்களில் தொடக்க மூன்று மாதத்தில் திருத்தத்துக்கு இடம் இருக்கும். கொடையாளருக்கு ஒரு நல்ல கடிதம் போனால் மாற்றுவார்கள், நான் மாற்றியிருக்கிறேன். ஊர் எழுத்தில் கேட்டால்தான் உள்ளே இருக்கிற கள உத்தியோகத்தருக்கும் மேலிடத்தில் வாதாட ஒரு பிடி கிடைக்கும். வரவுசெலவைத் தமிழில் கேளுங்கள், மொத்தத் தொகையோடு. தரமாட்டோம் என்றால் அதை வைத்தே ஆளை எடைபோடலாம்.

முடியுமா முடியாதா என்று கேட்டீர்கள். முடியும். நைஜரை எடுத்துக்கொள்ளுங்கள். ரோனி ரினோடோ என்ற அவுஸ்திரேலியர் ஒரு மிஷன் நிறுவனத்தின் ஆளாக அங்கே போய் வருடக்கணக்காக மரக்கன்று நட்டார், நட்டதெல்லாம் காய்ந்தது. 1983-ல் அவர் கவனித்தது வயலுக்குள்ளேயே வெட்டுண்டு கிடந்த அடிக்கட்டைகளை. வேர் உயிரோடு இருந்தது. கமக்காரர்கள் அதில் வரும் தளிர்களில் நல்லதை விட்டு மிச்சத்தைக் கழித்து வளர்த்தார்கள், ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்து, இன்றைக்கு சுமார் 50 இலட்சம் ஹெக்டெயரில் மரம் நிற்கிறது. மரம் அரசுக்குச் சொந்தம் என்ற பிடி தளர்ந்ததும் அதற்கு ஒரு காரணம். அதைச் செய்தது அந்த நிறுவனம் கொண்டுபோய்க் கொடுத்த சாமான் இல்லை, ஊரில் ஏற்கெனவே இருந்ததைப் பார்க்கத் தெரிந்த ஒரு ஆளும், பத்து வருடத்துக்கு மேல் அங்கேயே நின்ற பொறுமையும்தான். உங்களுக்கு வருகிற நிறுவனத்திடம் கேளுங்கள்: உங்கள் கள உத்தியோகத்தர் எந்த ஊரில் தங்கப் போகிறார்?


அலைகரை எழுதியது:

நான் ஓய்வுபெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர், குளங்களோடு 30 வருடம் வேலை செய்தவன். மேலே எழுதிய தம்பி சொன்னதெல்லாம் சரி, ஆனால் அவர் விட்டதைச் சொல்கிறேன்.

200 ஏக்கருக்குக் குறைந்த வயல் பாயும் குளம் சிறு குளம், அது கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. உங்கள் கமக்கார அமைப்பே 2000-ஆம் ஆண்டின் 46-ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ்ப் பதிந்தது. ஆகவே எந்த நிறுவனமும் திணைக்களத்தின் மதிப்பீடும் அனுமதியும் இல்லாமல் துருசிலோ கட்டிலோ கை வைக்க முடியாது, வைக்கவும் விடக்கூடாது. குளத்தின் மேற்பக்க நீரோரமான அலைகரையோ அதற்கு மேலுள்ள காடோ வன எல்லைக்குள் வந்தால் வனத் திணைக்களத்தின் அனுமதி வேறு. வன்னியில் கனக் குளங்களுக்கு இந்தப் பிரச்சினை உண்டு. யுத்தத்தில் ஊர் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் வயலில் வளர்ந்த காடு இன்றைக்கு வரைபடத்தில் காடாகவே நிற்கிறது. இதையெல்லாம் திட்டம் தொடங்கின பிறகு பார்க்கப் போனால் உங்கள் இரண்டு வருடமும் கந்தோர் (அலுவலக) வாசலிலேயே முடியும். இன்றைக்கே கமநல சேவை நிலையத்துக்குப் போய் உங்கள் குளத்துக்குப் பழைய மதிப்பீடு ஏதும் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதைப் புதுப்பிக்கச் சில வாரம் போதும்.

இதைவிடப் பெரிய விடயம் ஒன்று உண்டு. உங்கள் குளம் தனிக் குளம் இல்லை. ஒரு மழைநீர்ப் பள்ளத்தில் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று தொடராக இருக்கும். மேல் குளம் நிரம்பி அதன் வான் (மிகுதித் தண்ணீர் வழியும் இடம்) பாய்ந்தால் அது உங்கள் வரவு, உங்கள் வயலின் கழிவாறு கீழ் குளத்தின் வரவு. பேராசிரியர் மத்தும பண்டார 1985-ல் இதைத் தொடர்குள முறை என்று எழுதினார், 2017-ல் உணவு விவசாய அமைப்பு உலக முக்கியத்துவம் உள்ள விவசாய மரபுகளில் ஒன்றாக இதைச் சேர்த்தது. ஒரு குளத்தை மட்டும் பிடித்து வானை ஒரு அடி உயர்த்தினால் மேலே ஒருவருடைய வயல் தாழும், கீழே ஒருவருக்குத் தண்ணீர் பிந்தும். நிறுவனங்கள் கிராமத்தைத் தெரிவு செய்கின்றன, குளத்தொடரைத் தெரிவு செய்வதில்லை. அயல் ஊர் வேறு நிறுவனத்தின் எல்லைக்குள் விழுந்துவிடும், இரண்டு பேரும் கதைக்கமாட்டார்கள். 2016-ல் பசுமைக் காலநிலை நிதியம் 3 கோடியே 80 இலட்சம் டொலர் கொடுத்து ஐக்கிய நாடுகள் அபிவிருத்தி நிகழ்ச்சித்திட்டத்தின் ஊடாக மல்வத்து ஓயா, மீ ஓயா, யான் ஓயா ஆற்றுப்படுக்கைகளில் தொடங்கிய திட்டம் ஆற்றுப்படுக்கையைப் பிடித்து, அதற்குள் குளத்தொடரைப் பிடித்துப் போனது. அந்த ஒழுங்கு சரியான ஒழுங்கு. (மல்வத்து ஓயாதான் எங்கள் பக்கம் இறங்கும்போது அருவியாறு.)

அதனால் நிறுவனத்திடம் முதலில் கேட்க வேண்டியது கொங்கிரீட்டை இல்லை, அளவையை. மேல் குளத்திலிருந்து கீழ் குளம் வரை மட்டம் எடுத்து, நீரேந்து பகுதி எவ்வளவு, எங்கே மண் அரிக்கிறது, எந்த வான் எந்த உயரம் என்று ஒரு வரைபடம். திணைக்களத்தில் ஆள் பற்றாது, வாகனம் பற்றாது. ஒரு நிறுவனம் ஒரு அளவையாளரை மூன்று மாதத்துக்குக் கூலிக்கு எடுத்துக் கொடுக்க முடியும். அந்த வரைபடம் கையில் இருந்தால் அடுத்த இருபது வருடத்துக்கு நீங்கள் யாரிடமும் போய் நின்று கேட்கலாம்.

அடுத்தது, இசைவாக்கம் என்பதை யாரோ வெளியில் இருந்து வந்து கற்பிக்க வேண்டும் என்று எண்ணாதீர்கள். தண்ணீர் குறைந்த சிறுபோகத்தில் துருசுக்குக் கிட்ட உள்ள வயலை மட்டும் எடுத்து எல்லோரும் பங்கு போட்டு விதைக்கிற வழக்கம் எங்கள் குளங்களில் காலங்காலமாக உண்டு. கடைசி மடைக்காரனுக்கும் அதில் பங்கு உண்டு. இதைவிட நல்ல இசைவாக்கத்தை எந்தச் செயலமர்விலும் நான் கேள்விப்பட்டதில்லை. அந்த வழக்கம் உங்கள் ஊரில் இன்னும் உயிரோடு இருக்கிறதா?


நாயாற்றங்கரை எழுதியது:

நான் கரையோரத்துப் பெண், வயல்காரி இல்லை, ஆனாலும் எழுதுகிறேன். குளம், கட்டு, துருசு என்று எல்லாம் ஆண்களின் கதையாகவே போகிறது.

எங்களுக்குக் குடிதண்ணீர்தான் பிரச்சினை. ஆடி ஆவணியில் கிணறு உவர்த்துவிடும். பிரதேச சபையின் தண்ணீர் வண்டி, பவுசர், வரும் என்று ஒரு பெண் அரைநாள் வேலையை விட்டுக் கலனோடு நிற்க வேண்டும், பவுசர் வந்தால் சரி, வராவிட்டால் அடுத்த நாளும். மீள்குடியேறிய பிறகு ஒரு நிறுவனம் சீமெந்தும் கம்பிவலையும் வைத்துக் கட்டிய மழைநீர்த் தாங்கி கொடுத்தது, 8,000 லீற்றர் கொள்ளளவு. அது இன்றைக்கும் நிற்கிறது, நாங்கள் அதில்தான் குடிக்கிறோம். அது நின்றதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கட்ட வந்த மேசனோடு எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலிருந்து ஆறு பெண்களைச் சேர்த்து வேலை பழக்கினார்கள், கூலியும் கொடுத்தார்கள். தாங்கி வெடித்தால் எந்த அளவில் சீமெந்தும் மணலும் குழைத்துப் பூச வேண்டும், பீலியில் இலை சேர்ந்தால் எப்படித் தட்ட வேண்டும், முதல் மழையை உள்ளே விடாமல் மூடியைத் திறந்து வெளியே விடுவது எப்படி என்று எங்கள் கைக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன்பு என்னுடைய தாங்கியின் அடியில் மயிரிழை போல ஒரு வெடிப்பு, வெளியில் பாசி பிடித்த பச்சைக் கோடாகத்தான் முதலில் தெரிந்தது. நானே உளியால் கொத்திப் பூசினேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

அப்புறம் இன்னொன்று, இதைக் கட்டாயம் கேளுங்கள். பயனாளிப் பட்டியல். எங்கள் ஊரில் காணாமல் போன கணவரின் பெயரில் காணி உறுதி இருக்கிற பெண்கள் ஏழு பேர். மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பவில்லை, அதனால் காணி பெயர் மாறவில்லை, அதனால் எந்தப் பட்டியலிலும் இல்லை. கந்தோரில் படிவத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். அந்த நிறுவனத்தில் வேலை செய்த ஒரு பிள்ளை, 24 வயது இருக்கும், வீடு வீடாகப் போய்க் கதை கேட்டு, கிராம அலுவலரிடம் கடிதம் எழுதுவித்து அந்த ஏழு பேரையும் சேர்த்தாள். அவள் செய்தது எந்தக் கொங்கிரீட்டையும்விடப் பெரியது என்று நான் நினைக்கிறேன். வெள்ளம் வந்தாலும் வறட்சி வந்தாலும் முதலில் விழுவது பட்டியலில் இல்லாத வீடுதான்.

கெட்டதையும் சொல்ல வேண்டும். சுனாமிக்குப் பிறகு கரையோரமெல்லாம் கண்டல் (அலையாத்தி) நட்டார்கள், எங்கள் பக்கமும். கடல் வற்றும்போது வெளியே தெரிகிற வெறும் சேற்றில் நட்டார்கள். அங்கே கண்டல் தானாக முளைத்ததே இல்லை, முளைக்கிற இடமாக இருந்தால் விதை தானே மிதந்து வந்து முளைத்திருக்காதா? எங்கள் அப்பா அன்றைக்கே சொன்னார், கேட்க ஆள் இல்லை. இலங்கை முழுவதும் அப்படி நட்ட 23 இடங்களை ஆராய்ந்து 2017-ல் ஒரு கட்டுரை வந்தது, 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. உங்கள் ஊருக்கும் மரக்கன்று தருகிறோம் என்றால் எங்கே நடுவது என்று ஊர்ப் பெரியவர்களையும் மாடு மேய்க்கிறவர்களையும் கேட்டுவிட்டு நடச் சொல்லுங்கள்.


பனங்கூடல் எழுதியது:

எல்லோரும் அனுபவத்தைச் சொல்கிறீர்கள், நான் கோபத்தைச் சொல்கிறேன். துருசு திருத்துவது யாருடைய வேலை? வரி வாங்குகிற அரசுடைய வேலை. குடிதண்ணீர் யாருடைய வேலை? அதுவும் அப்படித்தான். நிறுவனம் வந்து செய்தால் கந்தோரில் இருப்பவர், அவர்கள் செய்கிறார்களே என்று கையைக் கழுவிவிடுவார், நிறுவனம் போனதும் இரண்டு பேரும் இல்லை. யுத்தம் நெருங்கி வந்த 2008 புரட்டாதியில் என்ன நடந்தது என்று வன்னிக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. அரசு வெளியேறச் சொன்னது, ஐ.நா.வும் நிறுவனங்களும் கிளிநொச்சியை விட்டுப் போயின, போகாதீர்கள் என்று சனம் வாசலில் நின்று அழுதது. இரண்டு மாதத்தில் நிஷா புயல். தறப்பாளுக்குக் கீழே இடுப்பளவு தண்ணீரில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நின்றோம். அங்கே வேலை செய்த தனி ஆக்களில் எனக்குக் குறை இல்லை. ஆனால் போகச் சொன்னால் போக வேண்டிய ஒருவரை நம்பி ஊரின் தண்ணீரை வைக்கலாமா? 2025 தை மாதம் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது ஒரே வாரத்தில் எத்தனை வேலைகள் நின்றன என்று இங்கே உள்ளவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று. இந்தப் பணத்தைத் தருமம் போலக் கை நீட்டி வாங்காதீர்கள். இலங்கையில் ஒரு ஆளுக்கு வருடத்துக்கு ஏறத்தாழ ஒரு தொன் கரியமிலவாயுதான், அமெரிக்காவில் அது பத்துத் தொன்னுக்கு மேலே. 2009-ல் கோப்பன்ஹேகனில் வருடத்துக்கு 10,000 கோடி டொலர் தருவோம் என்றார்கள், 2020-க்குள் என்று சொன்னதை 2022-ல்தான் எட்டினார்கள், அதிலும் பெரும் பங்கு கடன். நாங்கள் செய்யாத பிழைக்கு நாங்களே கடன் வாங்கிக் கட்டு கட்ட வேண்டுமா? இழப்பு, சேதத்துக்கென்று தனி நிதியம் 2022-ல் எகிப்தில்தான் ஒப்புக்கொள்ளப்பட்டது. கேட்கிறவர்கள் உரிமையோடு கேளுங்கள்.


வங்கக்கரை எழுதியது:

கிளிநொச்சிக்காரன், இப்போது வேலை வங்காளதேசத்தில். பனங்கூடல் அண்ணையின் கோபம் எனக்கும் உண்டு, ஆனால் அரசா நிறுவனமா என்று இரண்டில் ஒன்றைப் பிடிக்க வேண்டியதில்லை, இங்கே நான் கண்டது வேறு.

1970 போலா புயலில் இந்தக் கரையில் மூன்று இலட்சம் பேருக்கு மேல் செத்தார்கள். அதற்குப் பிறகு அரசும் செம்பிறைச் சங்கமும் (எங்கள் செஞ்சிலுவைச் சங்கம் போன்றது) சேர்ந்து புயல் முன்னாயத்த நிகழ்ச்சித்திட்டம் என்று ஒன்றைத் தொடங்கி ஐம்பது வருடமாக விடாமல் நடத்துகிறார்கள். 1991 புயலில் சுமார் 1,38,000 பேர், 2007 சிடர் புயலில் சுமார் 3,400 பேர். இன்றைக்கு 70,000-க்கு மேல் தொண்டர்கள், பாதிப் பேர் பெண்கள், சம்பளம் கிடையாது. நான் ஒரு தொண்டர் வீட்டுக்குப் போனேன். ஒலிபெருக்கி, கைச் சைரன், சிவப்புக் கொடி மூன்று, ஒரு மழைச்சட்டை, எல்லாம் கட்டிலுக்கு மேலே ஆணியில். ஒரு கொடி என்றால் கவனம், இரண்டு என்றால் ஆயத்தம், மூன்று என்றால் கிளம்பு. அந்த அம்மாவின் தாயும் அதே வேலை செய்தவர். நிறுவனங்கள் பயிற்சி கொடுக்கின்றன, மேடான புகலிடம் கட்டுகின்றன, ஆனால் அந்த ஆணியில் தொங்குகிற சாமானுக்குப் பொறுப்பு அந்த வீடு, அந்த வீட்டுக்குப் பின்னால் அரசின் கட்டளை. நிறுவனம் மாறினாலும் அது மாறாது.

முறிப்புக்கரை அண்ணை, உங்கள் 2018 இரவை எடுங்கள். மேல் குளம் வான் பாயப் போகிறது என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மேல் குளத்தில் ஒரு அளவுகோல், அதைப் பார்க்க ஒரு ஆள், அவர் கையில் கீழ் ஊர்களின் தொலைபேசி இலக்கங்கள். இதற்கு இரண்டு வருடமும் வேண்டாம், பெரிய காசும் வேண்டாம். டித்வா புயல் மாதிரி இன்னொன்று வருவதற்கு முன்பு இதைச் செய்துவிடலாம்.


பழைய களம் எழுதியது:

பனங்கூடல் அண்ணைக்கு ஒரு வார்த்தை. 2008-ல் நான் மாணவன், நானும் அந்த வாசலில் நின்றவன். பிறகு அதே வேலைக்குப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். நீங்கள் சொன்னதை மறுக்க மாட்டேன். ஆனால் நாயாற்றங்கரை அக்கா எழுதிய அந்த ஏழு பெண்களை எந்தக் கந்தோரும் தேடி வரவில்லை. அரசுதான் செய்ய வேண்டும் என்று நாங்கள் காத்திருக்கிற நேரத்தில் அவர்கள் உவர்த் தண்ணீர் குடிக்கிறார்கள். நிறுவனத்தை அரசின் கதவைத் தட்டுகிற கையாகப் பாவிக்கலாம், அதற்கு அவர்களிடம் வாகனம் இருக்கிறது, ஆங்கிலத்தில் கடிதம் எழுத ஆள் இருக்கிறது, கொழும்பில் சந்திக்க நேரம் வாங்க முடிகிறது. இது மூன்றும் எங்கள் கமக்கார அமைப்புகளிடம் இல்லை.


முறிப்புக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிறு கூட்டம் மூன்று மணித்தியாலம் நடந்தது. நீங்கள் எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன், நாயாற்றங்கரை அக்காவின் எழுத்தை வாசித்தபோது பின்வரிசையில் இருந்த பெண்கள் எழும்பி முன்னுக்கு வந்து இருந்தார்கள். எங்கள் ஊரிலும் அப்படி நாலு வீடு இருக்கிறது, எனக்கே தெரியாது. அவர்களுடைய பெயரை முதலில் எழுதினோம்.

சொட்டுநீர்த் தொகுதி வேண்டாம் என்று எழுதிவிட்டோம், யாருக்காவது வேண்டுமென்றால் கிணற்றுத் தண்ணீரைச் சோதித்த பிறகு. அளவை கேட்டிருக்கிறோம், எங்கள் தொடரில் உள்ள நாலு குளத்துக்கும் சேர்த்து. கமநல சேவை நிலையத்தில் கேட்டபோது 2014-ல் எங்கள் துருசுக்குப் போட்ட மதிப்பீடு ஒன்று கோப்பில் இருந்தது, புதுப்பித்துத் தருகிறோம் என்றார்கள். நிறுவனத்தின் கள உத்தியோகத்தரோடு கதைத்தேன். கதவுக்கு முழுக் காசு அவர்களால் முடியாதாம், ஆனால் அளவையும் மேல் குளத்து அளவுகோலும் முடியும் என்று நம்புகிறார், திருத்தக் கடிதம் அவரே எழுதுகிறாராம். மிச்சக் காசுக்கு நாங்கள் திணைக்களத்தைத் தட்ட வேண்டும், அவர் கூட வருவார். எங்கே தங்கப் போகிறீர்கள் என்றும் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, ஊரில் அறை கிடைக்குமா என்று கேட்டார். பார்த்து வைத்திருக்கிறோம்.

அலைகரை ஐயா, பங்கு போட்டு விதைக்கிற வழக்கம் எங்கள் ஊரில் 2012-க்குப் பிறகு விட்டுப்போயிருந்தது. வெளியூரில் இருக்கிற காணிக்காரர் குத்தகைக்குக் கொடுக்கத் தொடங்கியதும் அது குழம்பிவிட்டது. வரும் சிறுபோகக் கூட்டத்தில் திரும்ப எடுக்கலாமா என்று ஒரு பிரேரணை வைக்கப் போகிறோம், பலத்த எதிர்ப்பு வரும் என்று தெரியும். குத்தகைக்கு விட்ட காணிக்குப் பங்கு காணிக்காரனுக்கா குத்தகைக்காரனுக்கா என்பதில்தான் சண்டை வரப்போகிறது. உங்கள் காலத்தில் இதை எப்படித் தீர்த்தார்கள் என்று எழுத முடியுமா?

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மேல் குளத்து ஊர்க்காரரோடு கட்டு வழியே நடக்கிறோம். துருசில் மூழ்குகிற ஐயாவும் வருகிறார், ஒரு பொடியனைக் கூட்டி வரச் சொல்லியிருக்கிறார், பழக்க வேண்டுமாம்.